வடக்குச் சுவர் காயும்வரை

யக்ஞநாராயணன் யாரையும் திட்டிப் பேசுகிறவர் இல்லை. பால் பாக்கெட் ஓட்டையாக வந்தாலும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். ஆனால் ஒரே ஒரு வார்த்தையை யாராவது கண்டபடி உபயோகித்தால் மனிதருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அந்த வார்த்தை பெயிண்ட்.

அவர் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. சிட்லபாக்கத்தில் எதைத்தான் பெயிண்ட் என்று சொல்லவில்லை? கேட்டுக்கு அடிக்கிற கறுப்பு எனாமலும் பெயிண்ட். தினம் கோலம் போடச் சோம்பல்பட்டு வாசலில் ஒரேயடியாக வரைந்துவிடுகிற வெள்ளையும் பெயிண்ட். எதிர்வீட்டு உமேஷ் மாதம் ஒருமுறை மீசைக்குத் தடவிக்கொள்வது பெயிண்ட். ரிசப்ஷன் மேடையில் கல்யாணப் பெண்ணின் முகத்தில் இருப்பது பெயிண்ட். மெஸ்ஸில் கெட்டியாக ஊற்றிய பச்சைச் சட்னியைப் பக்கத்து மேஜைக்காரர் பெயிண்ட் என்று சொல்லக் கேட்டு, யக்ஞநாராயணன் பாதித் தோசையில் எழுந்து வந்திருக்கிறார். "அதெல்லாம் பூச்சு. பெயிண்ட் இல்லை" என்பார். அப்படியானால் பெயிண்ட் என்றால் என்ன சார் என்று கேட்டவர்கள் யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. பதில் முக்கால் மணி நேரம் ஓடும்.

மறைமலை நகரில் காருக்கு பம்பர் செய்கிற ஒரு கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் முப்பத்தொரு வருஷம் தரப் பரிசோதகராக இருந்தவர் அவர். அந்தப் பெயிண்ட் ஷாப்புக்குள் போவது கர்ப்பக்கிருகத்துக்குள் போவதைவிடக் கஷ்டம். தலைக்கு எண்ணெய் கூடாது. பவுடர், சென்ட், முகத்துக்கு க்ரீம், எதுவும் கூடாது. இவற்றில் ஒரு துளி காற்றில் மிதந்து வந்து ஈரமான பெயிண்டில் உட்கார்ந்தால் போதும், அந்த இடத்தில் பெயிண்ட் பயந்து விலகி, ஊசி முனையளவு ஒரு குழி விழுந்துவிடும். அதற்கு ஷாப்பில் மீன் கண் என்று பெயர். மீன் கண் இருந்தால் பம்பர் தள்ளுபடி. லட்சக்கணக்கான பம்பர்களை டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்து, இது ஓகே, இது தள்ளு என்று சொன்னவர் யக்ஞநாராயணன். ஆனால் அதில் ஒரு பம்பர்கூட அவருடையது இல்லை. மனிதர் கடைசிவரை கார் வாங்கவில்லை. வீட்டில் நிற்பது உடம்பெல்லாம் கீறல் விழுந்த ஒரு ஸ்கூட்டர்.

போன மார்ச்சில் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் அந்த ஆசை பிடித்தது. சாகிறதுக்குள் குறையே இல்லாத ஒரு பரப்பு தனக்கென்று வேண்டும். கார் வேண்டாம். கூடத்தின் வடக்குச் சுவர் போதும். பன்னிரண்டடிக்குப் பத்தடி, முத்து வெள்ளை, கார் பெயிண்ட், அதில் ஒரு மீன் கண் இருக்கக்கூடாது.

மகள் மிருதுளா பெருங்குடியில் ஐ.டி. வேலை பார்ப்பவள், இருபத்தொன்பது வயது, அப்பாவைச் சீண்டாமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. போனில் எதையோ தேடிவிட்டுச் சொன்னாள்: "அப்பா, உன் பெயிண்ட்டுக்கு மூலம் லத்தீனாம். இன்னும் பின்னாடி போனா, கீறி அடையாளம் போடறதுன்னு அர்த்தமாம்."

"கீறறதா? எந்த மடையன் சொன்னான்? கீறல் விழாம பாத்துக்கறதுக்குத்தான் எனக்கு முப்பத்தொரு வருஷம் சம்பளம் கொடுத்தான்" என்றார் யக்ஞநாராயணன். அன்றைக்கு முழுவதும் லத்தீன்காரர்கள்மேல் அவருக்கு வருத்தம் இருந்தது.

சேலையூரில் காருக்கு ஸ்ப்ரே அடிக்கிற காஜா இந்த வேலைக்கு ஒப்புக்கொண்டார். சுவருக்கு கார் பெயிண்ட் அடிக்கக் கூப்பிட்ட முதல் ஆள் என்பதால் அவருக்கும் ஒரு குஷி. பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ப்ரைமர் அடித்து, அதற்குமேல் வெள்ளை அடித்தார். மறுநாள் டார்ச்சோடு வந்த யக்ஞநாராயணன் நான்கு மீன் கண்களைக் கண்டுபிடித்தார். விசாரணையில் மனைவி அபிதகுஜாம்பாள் சமையலறையில் அப்பளம் பொரித்தது வெளியாயிற்று. எல்லாவற்றையும் தேய்த்து எடுத்து இரண்டாம் தடவை அடித்தார்கள். இந்த முறை ஒன்பது. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போட்ட அத்தர் காஜாவின் சட்டையிலேயே இருந்திருக்கிறது.

"இன்னா சார் இது, பேஜாரா கீது! நானு அத்தர் போட்டுகினு வந்தது ஒரு குத்தமா? காருக்கே யாரும் இப்டி பாக்க மாட்டான் சார். இது சொவுரு!"

"காஜா, சுவரா காரான்னு பெயிண்ட்டுக்குத் தெரியாது."

காஜா மறுபடி உப்புத்தாளைத் தேடப் போனார். பதில் அபிதகுஜாம்பாளிடம் இருந்தது. "ஏன்னா, இது கூடமா ஆபரேஷன் தியேட்டரா? நாக்கு செத்துப் போச்சு. மூணு வாரமா இட்லி, இட்லி, இட்லி!" என்றாள். யக்ஞநாராயணன் இட்லியில் தப்பு சொல்ல எதுவும் இல்லை என்று நினைத்தார்.

இதற்கு நடுவில்தான் கிரீஷ் வீட்டார் வருகிற நாள் குறிக்கப்பட்டது. கிரீஷ் மிருதுளாவோடு வேலை பார்க்கிறவன். இரண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கொள்வதென்று முடிவு செய்து பதினோரு மாதமாகிறது. பையனின் அப்பா சத்யநாராயணனுக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. அம்மாதான் பிடி கொடுக்கவில்லை. அந்த அம்மாள் ஆசாரமான குடும்பத்தில் பிறந்தவள். முடியைக் கத்தரித்துக்கொண்டு ஆபீஸ் கேன்டீனில் ஆம்லெட் சாப்பிடுகிற பெண், அவள் வீட்டில் மட்டும் என்ன பெரிய ஆசாரம் இருந்துவிடப் போகிறது என்று நிற்கிறாள். கிரீஷ் கெஞ்சிக் கூத்தாடி, ஆடி பிறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒருதரம் வந்து பார்க்கச் சம்மதிக்க வைத்திருந்தான். பிடிக்காவிட்டால் இதோடு சரி என்பது பேச்சு. இந்த ஞாயிறு போனால் மிருதுளாவுக்கு இன்னொரு ஞாயிறு கிடையாது.

மூன்றாவது முறை வெள்ளை அடித்தது அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை காலையில். அபிதகுஜாம்பாள் அடுப்பே மூட்டவில்லை. காஜா சோப்பு மட்டும் போட்டுக் குளித்து, புதிதாய்த் துவைத்த சட்டையில் வந்தார். மத்தியானம் யக்ஞநாராயணன் டார்ச்சை எடுத்துக்கொண்டு சுவரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஒன்றரை மணி நேரம் நடந்தார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மீன் கண் இல்லை. ஒன்றுகூட இல்லை. அவருக்கு அழுகை வந்தது, அதைக் காஜா பார்க்காதபடி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"மேலதான் காஞ்ச மாதிரி இருக்கும் சார். உள்ள காயறதுக்கு ஏழு நாளாவும். கை வச்சா பதிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுக் காஜா போனார். இதை யக்ஞநாராயணனுக்குச் சொல்லவே வேண்டாம். நாளைக்கு மூன்று பேர் வரப்போகிறார்கள். எண்ணெய்த் தலைகள், பட்டுப் புடவை, மல்லிகைப்பூ! அவர் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். பெயிண்ட் ஷாப் வாசலில் மாட்டியிருந்த விதிகள் அவருக்கு மனப்பாடம். அவற்றை அப்படியே தமிழில் அடித்து, 'வருகை தருவோர் கவனத்துக்கு' என்று தலைப்புப் போட்டு, சத்யநாராயணனின் வாட்ஸாப்புக்கு அனுப்பினார்.

வருகிற அன்று சீயக்காய் மட்டும் தேய்த்துத் தலைக்குக் குளித்திருக்க வேண்டும். தலையில் எண்ணெய், பூ கூடாது. உடம்பில் வாசனைப் பொருள் எதுவும் கூடாது. பட்டும் கம்பளியும் தவிர்த்துத் துவைத்துலர்த்திய பருத்தி ஆடை அணியவும். அன்று காலை எண்ணெயில் பொரித்ததை உண்ணலாகாது. வாசலில் கால் கழுவிவிட்டே உள்ளே வரவும். வடக்குப் பக்கம் நெருங்கவோ தொடவோ கூடாது. அதை நோக்கித் தும்மலாகாது. இவ்வளவும் இருந்தது. இதெல்லாம் எதற்கு என்பது மட்டும் இல்லை. பெயிண்ட் ஷாப் வாசலில் தொங்குகிற பலகையில் பெயிண்ட் என்று எதற்கு எழுத வேண்டும்? அங்கே வருகிறவனுக்குத் தெரியாதா? அந்த வழக்கத்தில் இவரும் எழுதவில்லை.

சாயங்காலம் மிருதுளா போனைக் காதில் வைத்துக்கொண்டு கூடத்து வாசலில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, அவாளுக்கு என்ன அனுப்பினே?"

"விதிமுறை. ஏன், கோவிச்சுண்டாளா?"

"கோவிச்சுக்கலை. கிரீஷோட அம்மா அழறாளாம். சந்தோஷத்துல! இந்தக் காலத்துல, அதுவும் தாம்பரம் பக்கத்துல, இப்படி ஒரு மடி ஆசாரமான குடும்பமான்னு உருகிப் போயிட்டாளாம். ராம பட்டாபிஷேகம் படிக்கிற மாதிரி உன் மெசேஜை சொந்தக்காரா எல்லாருக்கும் போன் போட்டுப் படிச்சுக் காட்டிண்டிருக்காளாம். பெண்ணோட முடியைப் பத்தி இனிமே பேச மாட்டேன்னு கிரீஷ்கிட்ட சொல்லிட்டா."

யக்ஞநாராயணன் திகைத்துப்போனார். அவர் கோயிலுக்குப் போய்ப் பல வருஷமாகிறது. "மடியா? அது பெயிண்ட்டுக்காக இல்லையோ?"

"அந்த வார்த்தையைச் சொல்லாதே!" என்றாள் மிருதுளா. பிறகு குரல் இறங்கியது. "அப்பா, பதினோரு மாசமா நான் காத்துண்டிருக்கேன். நாளைக்கு ஒரே ஒரு மணி நேரம். நீ பொய் சொல்ல வேண்டாம். பெயிண்ட்ங்கற வார்த்தையை மட்டும் வாயில எடுக்காம இரு. முடியுமா?"

முடியும் என்றுதான் சொன்னார். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு மணி நேரம் அந்த வார்த்தை இல்லாமல் அவர் இருந்ததில்லை என்பது அபிதகுஜாம்பாளுக்குத் தெரியும். அவள் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

ஞாயிறு காலை பத்தரைக்கு வாசலில் மூன்று பேர் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். கணுக்கால்வரை கழுவினால் போதும், முழங்கால்வரை கழுவினார்கள். சத்யநாராயணனின் நரைமுடி எண்ணெய் இல்லாமல் எல்லாப் பக்கமும் நின்றது. அந்த அம்மாள் இன்னும் ஈரம் போகாத பருத்திப் புடவையில், வெறும் கூந்தலை முடிந்துகொண்டு, யார்மேலும் படாமல் கைகளைக் குறுக்கிக்கொண்டு வந்தாள். கிரீஷ் மொட்டை அடித்துக்கொண்டிருந்தான். நாலு தடவை சீயக்காய் போட்டும் ஜெல் பிசுபிசுப்பு போகவில்லை என்று அம்மா கூட்டிப்போய் எடுக்க வைத்துவிட்டாளாம். மிருதுளா அந்தத் தலையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். யக்ஞநாராயணனோ, இவன் ஷாப்புக்குள் போகத் தகுந்த ஆள் என்று உள்ளூர மெச்சினார்.

மூவரும் தெற்குச் சுவரை ஒட்டி வரிசையாக உட்கார்ந்தார்கள். எதிரே வடக்குச் சுவர், வெள்ளை வெளேரென்று. அதில் காலண்டர் இல்லை, கடிகாரம் இல்லை, ஒரு ஆணி இல்லை. முன்னால் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது.

"எத்தனை வருஷமா இந்த அனுஷ்டானம்?" என்று பணிவாகக் கேட்டார் சத்யநாராயணன்.

"முப்பத்தொரு வருஷம்" என்றார் யக்ஞநாராயணன். அது உண்மை.

"யார்கிட்ட உபதேசம் ஆச்சு?"

யக்ஞநாராயணன் யோசித்தார். பொய் சொல்லக்கூடாது. "ஜப்பான்லேர்ந்து ஒருத்தர் வந்து சொல்லிக் குடுத்தார்."

சத்யநாராயணன் மனைவியின் பக்கம் திரும்பினார். "பாத்தியா, அங்கேயும் நம்மவா போயிருக்கா."

"நடுவுல ஏதாவது தவறிப் போச்சுன்னா?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

"எல்லாத்தையும் தேய்ச்சு எடுத்துட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். மூணு வாரம் முன்னாடி ஒருதரம் அப்படி ஆச்சு. இவள் அப்பளம் பொரிச்சுட்டா."

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்துபோய் அபிதகுஜாம்பாளின் கையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்து, தொடலாமா கூடாதா என்று தெரியாமல் பாதியில் நிறுத்திக்கொண்டாள். இட்லியும் எண்ணெய் இல்லாத மிளகாய்ப்பொடியும் வந்தன. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மூன்று பேரும் அதைப் பிரசாதம் மாதிரி வாங்கி நொடியில் தீர்த்தார்கள். அவர்கள் வந்து ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. யக்ஞநாராயணனின் நாக்கின் நுனிவரை பலமுறை அந்த வார்த்தை வந்து திரும்பியிருந்தது. இன்னும் பத்து நிமிஷம்தான்.

அப்போதுதான் அந்த அம்மாள் பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தை எடுத்தாள். மஞ்சளும் குங்குமமும் தண்ணீர் விட்டுக் குழைத்திருந்தது.

"எனக்குப் பூரண சம்மதம். இந்த ஆத்துப் பொண்ணு எங்காத்துக்கு வர நாங்கதான் குடுத்து வெச்சிருக்கணும்" என்றாள். "நல்ல காரியம் பேசி முடிச்சா சுவத்துல மஞ்சள் குங்குமம் வைக்கறது எங்க வழக்கம். உங்க சாமிச் சுவர்லயே வைக்கறேன். தப்பில்லையே? நான் மடியாத்தான் இருக்கேன்."

சொல்லிக்கொண்டே கயிற்றைக் குனிந்து தாண்டிவிட்டாள்.

அபிதகுஜாம்பாள் தட்டைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். மிருதுளா சுவரைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தாள். ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கை அங்கேயே நின்றுவிடும். சுவர் பிழைத்துவிடும். அந்த வார்த்தையோடு சாமிச் சுவர், உபதேசம், மொட்டை, சம்மதம் எல்லாம் போய்விடும். இந்தச் சுவரைப் போல ஒன்றை யக்ஞநாராயணன் வாழ்நாளில் இன்னொரு தடவை பார்க்கப் போவதில்லை. மிருதுளா பிறந்தபோதுகூட அவர் இரவு ஷிஃப்டில் பம்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாளின் விரல் சுவரின் கீழ்மூலைக்குப் போயிற்று.

"அங்க வேண்டாம்" என்றார் யக்ஞநாராயணன்.

விரல் நின்றது. மிருதுளா கண்ணை மூடிக்கொண்டாள்.

"மூலைல வெச்சா யார் கண்ணுக்கும் படாது. நல்ல காரியம். நடுவுல வையுங்கோ. எல்லாரும் பாக்கற இடத்துல."

நடுவில் வைத்தாள். அழுத்தித்தான் வைத்தாள். எடுக்கும்போது விரல் வர மறுத்தது, லேசாக இழுத்து எடுக்க வேண்டியிருந்தது. விரல் நுனியில் மஞ்சளுக்குமேல் வெள்ளை. சுவரில் அவள் ரேகை வரிவரியாகப் பதிந்திருந்தது. விரலை முகர்ந்து பார்த்தாள்.

"என்ன இது, ஒட்டறது?"

"பெயிண்ட்" என்றார் யக்ஞநாராயணன்.

அப்புறம் நிறுத்தவில்லை. எண்ணெய் எதற்குக் கூடாது, பட்டு எதற்குக் கூடாது, ஜப்பான்காரர் யார், அப்பளம் என்ன செய்தது, எல்லாவற்றையும் சொன்னார். முக்கால் மணி நேரப் பதிலை நாலு நிமிஷத்தில் சொல்லி முடித்தது அன்றைக்குத்தான். சத்யநாராயணன் மகனின் மொட்டையைப் பார்த்தார். கிரீஷ் அதைத் தடவிக்கொண்டான்.

அந்த அம்மாள் சுவரைவிட்டு நகரவில்லை. "அப்போ இதைத் தொட்டா வீணாயிடும்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"இதுக்காக மூணு வாரம் அப்பளம்கூடப் பொரிக்க விடலை."

"ஆமா."

"அப்புறம் என்னை மட்டும் ஏன் வைக்க விட்டேள்? வாயைத் திறந்து சொல்லியிருந்தா நான் கையை எடுத்திருப்பேனே."

"சொன்னா நீங்க எழுந்து போயிடுவேள்னு பயமா இருந்தது" என்றார் யக்ஞநாராயணன். "சுவரை இன்னொருதரம் தேய்ச்சு அடிச்சுக்கலாம். மிருதுளாவுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

அந்த அம்மாள் மறுபடி சுவரைத் திரும்பிப் பார்த்தாள். கோபமா, வெட்கமா, அவள் முகத்தில் அது தெரியவில்லை. வெள்ளை ஒட்டிய விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். பிறகு கிண்ணத்தை யக்ஞநாராயணன் பக்கம் நீட்டினாள்.

"ஒத்தைப் பொட்டா விடக்கூடாது. மூணா இருக்கணும். ஒண்ணு உங்க பக்கத்துலேர்ந்து வையுங்கோ" என்றாள்.

யக்ஞநாராயணன் மேஜை டிராயரைத் திறந்து இரும்பு ஸ்கேலை எடுத்து வந்தார். முதல் பொட்டிலிருந்து இந்தப் பக்கம் நாலு அங்குலம், அந்தப் பக்கம் நாலு அங்குலம், சுவரில் படாமல் அளந்து பார்த்துக்கொண்டார். ஒரு பக்கம் தானே வைத்தார். தன் கைரேகை அதில் பதிவதைக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கூர்ந்து பார்த்தார். மூன்று வாரமாகக் கூடத்துக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு நடந்த மிருதுளா கயிற்றுக்கு வெளியிலேயே நின்றிருந்தாள். அவர் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, விரலை மஞ்சளில் தோய்த்து, சரியான இடத்தில் கொண்டுபோய் வைத்தார். அவள் பயந்துகொண்டு பட்டும் படாமலும் தொட்டாள்.

"நன்னா அழுத்து" என்றார் யக்ஞநாராயணன்.